மூன்று விரல் போகாத வாய்

சாவியோ வாயைத் திறந்தால் முதலில் டொக்கென்று ஒரு சத்தம் வரும், பேச்சு அதற்கப்புறம்தான். ராயபுரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் அவனுக்கு டொக்கு என்றே பெயர் வைத்துவிட்டோம். பெற்றவளும் ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரும் ஆசையாக வைத்த பெயரைச் சொல்ல எங்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது. புதிதாக யாராவது கடைக்கு வந்தால் சாவியோவைக் கூப்பிட்டு அகலமாக வாயைத் திறக்கச் சொல்வார்கள். இடது காதுக்கு முன்னால் ஒரு டொக். மூடினால் லேசாக இன்னொன்று. எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் கூடச் சிரிப்பான். அப்படிக் கூடச் சிரிக்கிறவன் ஒருவன் கிடைத்துவிட்டால் எங்கள் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கு தேவையில்லை.

துறைமுகத்தில் அவனுக்கு லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் கடலில் ஆடிச் சரியாமல் இருக்க, ஆளைவிட உயரமான இரும்புக் கம்பிகளைத் தூக்கி மாட்டி, திருகி இறுக்குகிற வேலை. கம்பியை இறுக்கும்போது பல்லையும் சேர்த்து இறுக்குவான். அந்தப் பழக்கம் தூக்கத்திலும் தொடர்ந்தது. பக்கத்து அறையில் படுத்தால்கூட அவன் பல்லை நறநறவென்று அரைப்பது கேட்கும் என்று அவனுடைய அம்மா ஜானட் சொல்வாள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் இந்த இரண்டு பேர்தான்.

லாஷிங் கும்பலில் மாவா போடாத ஒரே வாய் சாவியோவுடையது. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் போட்டுக் கசக்கிய அந்தச் சனியனை எங்கள் பக்கத்தில் பாதி ஆம்பிளைகள் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் அலைகிறார்கள். விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கேட்டால் எந்தச் சந்திலும் கிடைக்கும் என்பதும் இருக்கிறது. நீ ஏன் போடுவதில்லை என்று கேட்டால், ஒரு முறுக்கு தின்றாலே தாடை மேளம் கொட்டுகிறது, இதை வேறு நாள் முழுக்க மெல்ல முடியுமா என்பான். யோக்கியன் என்று காட்டிக்கொள்ளக்கூடத் தெரியாதவன்.

அவனுக்கு நிச்சயமான பெண் ஜூடி, இரண்டு தெரு தள்ளி. திருவொற்றியூரில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. அவளுடைய அப்பா தாமஸ் மாவாவால் செத்தவர். கன்னம் உள்ளே தோல் மாதிரி இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. பிறகு புண், பிறகு அந்த நோய். கடைசிக் காலத்தில் மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியவள் ஜூடிதான். அம்மா ஐரீன் பக்கத்தில் நின்று அழுவாள். ஊற்றுகிற கை மகளுடையது.

ஆஸ்பத்திரியில் நடந்து நடந்து ஐரீன் ஒரே ஒரு பாடம் கற்றுக்கொண்டாள். நல்ல வாய் என்றால் அவரவர் மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வைத்தால் உள்ளே போகும். போகாவிட்டால் கவனிக்க வேண்டும். டாக்டர்கள் சொன்னது அவ்வளவுதான். ஐரீன் அதைப் பதினோராவது கட்டளை ஆக்கிக்கொண்டாள். அண்ணன் மகன், தண்ணீர் கேன் போடுகிறவன், குழாய் ரிப்பேருக்கு வந்தவன், யாரும் தப்பவில்லை. விரல் போகாவிட்டால் அவளுக்கு அர்த்தம் ஒன்றுதான், மாவா. பெண் பார்க்க வந்த சாவியோவையும் கூடத்தில் உட்காரவைத்துச் சோதித்தாள். மூன்று விரலும் போயின. போகும்போது டொக்கென்று கேட்டது. ஐரீன் சிரித்தே விட்டாள். சத்தம் போட்டால் போடட்டும், சுத்தமான வாய் என்று சொல்லி அன்றைக்கே சம்மதித்தாள்.

கல்யாண வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் தாடை வேறு பாஷை பேசத் தொடங்கியது. காலையில் எழுந்தால் காதுக்கு முன்னால் வலி. வாயைத் திறந்தால் தாடை நேராக இறங்காமல் இடது பக்கம் ஒதுங்கிப் போகும். சில சமயம் பாதியில் மாட்டிக்கொள்ளும், இப்படியும் அப்படியும் அசைத்தால் விடுபடும். மெடிக்கலில் சொன்னான். அவர்கள் காதில் விடுகிற சொட்டு மருந்து கொடுத்தார்கள். நோய் தாடையில், மருந்து காதில். அவனும் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒழுங்காக விட்டுக்கொண்டான்.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று அறிவிப்பு. மூன்று ஓலையும் தடையில்லாமல் போனால்தான் தாலி. முதல் ஓலை வாசித்த வாரத்தில் ஒருநாள் சாவியோ எழுந்து கொட்டாவி விடப் பார்த்தான். வாய் பாதி வழியில் நின்றுவிட்டது. எவ்வளவு அசைத்தும் விடவில்லை. ஒன்று மட்டும் புதிதாக இருந்தது, டொக் சத்தம் இல்லை. ஜானட் சந்தோஷப்பட்டாள். இத்தனை வருஷத்துச் சத்தம் கல்யாண நேரத்தில் நின்றுவிட்டது என்று அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். டீக்கடையிலும் வாழ்த்துச் சொன்னார்கள். அவனுக்கு இட்லியைப் பிட்டு உள்ளே தள்ள வேண்டியிருந்தது, ஆனால் சத்தம் நின்றால் குணமாகிறது என்றுதானே அர்த்தம் என்று அவனும் நம்பினான். அந்த நாட்களில் ஒரு டாக்டரிடம் போயிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். யாரும் போகச் சொல்லவில்லை. நானும் அந்தக் கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு ஐரீன் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. கோழிக் காலை அவன் கடிக்காமல், நார் நாராகப் பிய்த்து ஓரமாக உள்ளே செருகுவதை ஐரீன் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். பந்தியில் எல்லோரும் இருந்தார்கள். சாவியோ திறந்தான். தன் விரல்களை வைத்துப் பார்த்தான். ஒன்று போயிற்று. இரண்டாவது பல்லில் தட்டியது.

தனக்கு அந்தப் பழக்கமே இல்லை என்று அவன் சொன்னான். ஜானட் எழுந்து நின்று சத்தியம் செய்தாள். ஐரீனுக்கு எதுவும் ஏறவில்லை. அன்றைக்குப் போன விரல் இன்றைக்கு ஏன் போகவில்லை என்பதுதான் அவள் கேள்வி. பெண்ணை வளைத்துப் போட்டாயிற்று என்ற தைரியத்தில் ஆரம்பித்துவிட்டான் என்று அவளே பதிலும் வைத்திருந்தாள். அவன் கூட வேலை செய்கிறவர்கள் யார் யார், அவர்கள் வாயில் என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

"எம் புருசனும் இப்டித்தான் இல்ல இல்லன்னுகினு இருந்தாரு," என்றாள். "வர்ற ஞாயித்துக்கெளம மூணாவது ஓலை. அதுக்குள்ள மூணு வெரலும் போவணும். போவலன்னா நானே ஃபாதராண்ட போய்த் தடை சொல்லுவேன்."

ஜூடி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவமானத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

அந்த வாரம் சாவியோ பட்ட பாடு சொல்லி மாளாது. இரண்டு விரல் அகலத்துக்காக ஒரு மனிதன் தன் முகத்தையே எதிரியாக நினைத்தான். முதலில் காசிமேட்டில் சுளுக்கு எடுக்கிறவரிடம் போனான். அவர் எண்ணெய் போட்டு, மோவாயைப் பிடித்து, கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் ஒரு திருகு திருகினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் மேலும் கொஞ்சம் இறுகியது. அடுத்தது நண்பர்கள் வைத்தியம். கூட வேலை செய்கிற சாலமன், கன்னத்தில் மாவாவை ஒதுக்கிக்கொண்டு, பொறுமையாகத் திறந்தால் முடியாது, ஒரே மூச்சில் திறக்க வேண்டும் என்று விளக்கினான். எங்கள் தெருவில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் வைத்தியம் சொல்ல வெட்கப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்த சாயங்காலம், துறைமுக கேட்டுக்கு வெளியே நின்ற ஒரு டிரெய்லர் நிழலில் இரண்டு பேர் அவன் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். சாலமன் ஒரு கட்டைக் கரண்டியின் காம்பைப் பல்லுக்கு இடையில் செருகி நெம்பினான். பாசத்தோடுதான் நெம்பினான். முன்பல்லில் ஒன்று விளிம்பு உடைந்தது, ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. காதுக்குள் எதையோ கிழித்த மாதிரி இருந்தது என்று சாவியோ பிறகு சொன்னான். அவன் கத்தவில்லை, கத்த வாய் திறக்க வேண்டும். இன்னும் ஒருவாட்டி என்று அவனேதான் கையைக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை அவன் கண்ணுக்கு முன்னால் நின்றது.

மறுநாள் முகத்தின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. ஒரு விரல்கூட ஒழுங்காகப் போகவில்லை. டிரெய்லர் ஓட்டுகிற ஹுமாயூன் அவனுடைய பள்ளிக்கூடத்துத் தோஸ்து. அவன்தான் பார்த்துவிட்டு எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டி, சனிக்கிழமை காலையில் சாவியோவை அரசாங்கப் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் ஜூடிக்கு போன் போட்டு, டாக்டர் சொல்வதை நேரில் வந்து நீயே கேள் என்றும் சொன்னான். அவள் வந்தாள்.

டாக்டர் உமைமா முதலில் விரலால் கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். டார்ச் அடித்து, திறந்த இடுக்கு வழியாகத் தெரிந்தவரை நாக்கு, அண்ணம் எல்லாம் பார்த்தார். மாவா போடுகிறாயா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று பிறகு சொன்னார். மாவா வாய் என்றால் கன்னம் வெளுத்து, உள்ளே கயிறு கயிறாக நார் ஓடும். இது பிள்ளைக் கன்னம் மாதிரி மெத்தென்று இருக்கிறது. பிறகு இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துக்கொண்டு, முடிந்தவரை திறந்து மூடச் சொன்னார். தாடை இடது பக்கம் ஒதுங்கியது. எப்போதிலிருந்து சத்தம், எப்போது நின்றது என்று விசாரித்துவிட்டு ஒரு எக்ஸ்ரேவும் எடுக்கச் சொன்னார். எலும்பு உடையவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. கீழ்த்தாடை மண்டையோடு சேருகிற இடத்தில், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் சின்னதாக ஒரு மெத்தை உண்டு. அது கொஞ்சம் முன்னால் வழுக்கிவிட்டால், வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறுகிற சத்தம்தான் டொக். வெறும் சத்தம் மட்டும் இருந்து, வலி இல்லாமல், வாயும் நன்றாகத் திறந்தால் யாரும் பயப்பட வேண்டியதில்லை. எத்தனையோ பேர் அதோடு நிம்மதியாக வாழ்கிறார்கள். வலி வந்தாலோ, தாடை ஒதுங்கினாலோ, பாதியில் மாட்டினாலோ அப்போதே வர வேண்டும். சத்தம் நின்று வாயும் திறக்கவில்லை என்றால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அது குணம் அல்ல, மெத்தை மொத்தமாக முன்னால் போய் அடைத்துக்கொண்டது. எலும்பால் அதன்மேல் ஏற முடியவில்லை, அதனால்தான் சத்தம் இல்லை.

"உடனே வந்திருந்தீங்கன்னா பக்குவமா இறக்கி விட்டிருக்கலாம்," என்றார். "இப்ப நெம்பி நெம்பி உள்ள புண்ணாக்கி வெச்சிருக்கீங்க. திறந்தபடி மாட்டிக்கிட்டாலும் சரி, மூடினபடி மாட்டிக்கிட்டாலும் சரி, தெரியாத கை பட்டா இதுதான் நடக்கும்."

மாத்திரை, வெதுவெதுப்பான ஒத்தடம், குழைந்த சாப்பாடு, வீக்கம் வடிந்த பிறகு அவரே சொல்லித் தருகிற பயிற்சி, தூங்கும்போது பல் அரைக்காமல் இருக்கப் பல்மேல் மாட்டிக்கொள்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் சரியாகாவிட்டால் மூட்டுக்குள் ஊசி போட்டுக் கழுவுவது. முக்கால்வாசிப் பேருக்குக் கத்தி வைக்கத் தேவைப்படாது என்றார். மாதக்கணக்கு ஆகும், ஆனால் திறக்கும். நாளைக்குள் திறக்குமா என்று சாவியோ கேட்டான். டாக்டர் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

ஆனாலும் வெளி வராந்தாவுக்கு வந்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது என்று ஹுமாயூன் சொல்கிறான். ஒரு பக்கம் வீங்கிய முகம் எவ்வளவு மலர முடியுமோ அவ்வளவு. மூன்று விரல் போகாவிட்டால் என்ன, டாக்டரே சொல்லிவிட்டார், ஜூடியே காதால் கேட்டுவிட்டாள். அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"கேட்டுகினு தான இருந்த? மாவா இல்லன்ட்டாங்க," என்றான், பல் இடுக்கு வழியாக.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் ஜூடி.

எத்தனை வருஷம் அந்த நாற்றத்தோடு ஒரே வீட்டில் இருந்தவள், அவன் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியாதா. பந்தியில் அவள் பேசாமல் இருந்தது அவமானத்தால் அல்ல. அவன் கோழியைப் பிய்த்து ஓரமாக உள்ளே தள்ளியதைப் பார்த்த அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் குழாய், கஞ்சி, அப்பாவின் பல்.

"சரியாயிடும்னு டாக்டர் சொன்னத நானும் கேட்டேன். ஆவலாம். ஆனா தெனிக்கும் ஒன்ன பாக்கசொல்லோ எனக்கு அப்பாதான் தெரியறாரு. என்னால முடியாது, சாவியோ."

அவன் என்னவோ சொல்ல வந்தான். அவள் விடவில்லை. அடுத்துச் சொன்னதுதான் கொடுமை. அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

"நானா வேணாம்னு சொன்னா, ரெண்டு ஓலை படிச்சப்புறம் வுட்டுட்டாளேன்னு எம்மேல வேற கத கட்டுவாங்க. அப்புறம் எனக்கு எவன் வருவான்? மாவான்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அம்மா ஃபாதராண்ட போவும். நீ மறுத்துப் பேசாத. அது போதும்."

ஹுமாயூன் குறுக்கே புகுந்து கத்தினான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாவியோ அவன் கையைப் பிடித்து அடக்கிவிட்டு, ஜூடியைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினான். அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். நான் ஜூடியைத் திட்ட வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அந்தக் கஞ்சியை நான் ஊற்றியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்று சாயங்காலமே சாமியார் கூப்பிட்டனுப்பினார். அறையில் ஐரீன் இருந்தாள். ஜானட் மகனுக்கு முன்பாகவே போய் நின்று வாதாடிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான், மாவா தொட்டிருந்தால் என் தாலி பாக்கியம் போன மாதிரி அவனும் எனக்கு இல்லாமல் போகட்டும் என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதை அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சாமியார் நல்ல மனிதர், நிதானமானவர். வாய் திறக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாமே, தாடையில் ஏதாவது கோளாறாக இருக்கலாமே, டாக்டரிடம் காட்டினாயா என்று வழி எடுத்துக் கொடுத்தார். வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரிதான் கேட்டார்.

சாவியோ அம்மாவைப் பார்க்கவில்லை.

"மாவாதான் ஃபாதர்," என்றான்.

ஜானட் அவனை அறைந்தாள். வீங்கிய பக்கத்தில் விழுந்தது. ஐரீனே பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாளாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார்கள். கல்யாணம் வைக்காத தவக்காலம் அடுத்து வருவதற்குள் ஜூடிக்கு எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலை செய்கிற ஒருவரோடு கல்யாணம் நடந்தது. ஐரீன் மூன்று விரல் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

உமைமா டாக்டர் சொன்ன மாதிரியே நடந்தது. சாவியோ ஒரு வாரம்கூடத் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான். பயிற்சி செய்தான், ராத்திரியில் தட்டு போட்டுக்கொண்டான், ஒருமுறை ஊசி போட்டு மூட்டைக் கழுவினார்கள். சில மாதங்களில் மூன்று விரல் போயிற்று. எங்கள் தெரு அதைப் பார்த்து மகிழ்ந்தது. பாருங்கள், மாவாவை விட்டான், வாய் தானாகத் திறந்துவிட்டது என்று டீக்கடையில் அவனை உதாரணம் காட்டிப் பையன்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். சாலமனும் சொல்கிறான், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே. வராந்தாவில் நடந்ததை ஹுமாயூன் ஒரு வருஷம் பொறுத்து எல்லோரிடமும் போட்டு உடைத்தான். தோஸ்துக்காகச் சொல்கிறான் என்று ஒருவரும் நம்பவில்லை.

சாவியோ இன்றைக்கும் லாஷிங் வேலைக்குத்தான் போகிறான். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்து, விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அவன் யாரிடமும் எதையும் மறுப்பதில்லை. ஜானட் அவனுக்குச் சமைத்துப் போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள். துவைப்பதற்கு முன்னால் சட்டைப் பையை வெளியே இழுத்து ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்கிறாள்.